ஜன்னலைச் சாத்தும் பொத்தான்

சாய்ந்தமருது
12.04.2025

அன்புத் தம்பி நஸீமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். உம்மாவின் சீனி வருத்தம் மருந்துக்குள் அடங்கி நிற்கிறது. கத்தாரில் வெயில் தொடங்கிவிட்டதா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை கேமும் கையுமாகத்தான் கிடக்கிறாயா?

போனில் கதைத்தால் உம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவா. இது உம்மாவை வைத்துக்கொண்டு கதைக்கிற விசயம் இல்லை. அதனால்தான் மெயிலில் கடிதமாக எழுதுகிறேன். நீயும் எழுத்திலேயே பதில் போடு.

'சோழகம்' கேமின் இரண்டாம் பாகத்தைப் பற்றி நீ உன் சேனலில் போட்ட வீடியோவை முழுதாகப் பார்த்தேன். நல்லாக் கிழித்திருக்கிறாய். கதை எழுதியவள் என்று கேமின் முடிவில் என் பெயர் போகிறது, உன் சேனலில் உன் சொந்தப் பெயர் இல்லை. நான் உன் ராத்தா என்று உன் ரசிகர் யாருக்கும் தெரியாது. அந்தத் துணிவில் கதைத்தாய் போலிருக்கிறது.

படகு ஓட்டும் இடங்கள் இழுபடுகின்றன என்றாய். சரி. கடலின் நிறம் பிழை என்றாய். அது கொழும்பில் படம் வரைகிற பிள்ளைகளின் வேலை. ஆனால் தாய் ஜன்னலைச் சாத்தச் சொல்லும் இடத்தைக் காட்டி, "ஒருத்தருக்காகக் காத்திருக்கிறது எண்டா என்னண்டு இத எழுதினவருக்குத் தெரியாது" என்று சொன்னாயே, அது யாரைப் பார்த்துச் சொன்னாய்? ஒலுவில் துறைமுகத்திலிருந்து மீன் பிடிக்கப் போட்டில் போன வாப்பா வராமல் ஆறு வருடமாகப் போகிறது. நீயும் நானும் ஒரே வாப்பாவின் பிள்ளைகள்தானே?

பதில் எழுது. உம்மா உனக்குச் சலாம் சொல்லச் சொன்னா.

உன் ராத்தா,
ஸுஹைறா


தோஹா
15.04.2025

மதிப்புக்குரிய ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் சுகமாக இருக்கிறேன். சாப்பாடும் பரவாயில்லை. உம்மாவைக் காலையில் நடக்கச் சொல்லுங்கள்.

ராத்தா, கோபிக்காதீர்கள். முதல் பாகத்தை நான் எத்தனை தரம் விளையாடினேன் என்று உங்களுக்குத் தெரியும். நூறா என்கிற சின்னப் பிள்ளை சோழகக் காற்றில் பாய் விரித்து, தீவு தீவாக வாப்பாவைத் தேடிப் போகிறாள். அவள் எங்கே வழி தவறினாலும் வீட்டு ஜன்னலில் தாய் வைத்த விளக்குத் தெரியும். கடைசித் தீவில் வாப்பாவின் சாப்பாட்டு அடுக்கு கிடைக்கிறது. அதை நூறா திறந்து பார்க்கும் இடத்தோடு கேம் முடிகிறது. அவர் உயிரோடு இருக்கிறார் என்றுதானே அதற்கு அர்த்தம்? மூன்று வருடம் எங்களைக் காக்க வைத்துவிட்டு, இரண்டாம் பாகத்தில் சாப்பாட்டு அடுக்கைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. தாய், புருசன் இறந்துவிட்டார் என்று வெள்ளை உடுத்தி அறைக்குள் இத்தா இருக்கப் போகிறாள். நூறாவை ஜன்னலைச் சாத்தச் சொல்கிறாள். அந்தப் பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் கதை நகரும், வேறு வழி இல்லை. விளையாடுகிறவன் கையாலேயே சாத்த வைக்கிறீர்கள். இது கழுத்தைப் பிடித்து அழ வைக்கிற வேலை. ரசிகர்கள் கோபப்படாமல் என்ன செய்வார்கள்?

அந்த வசனம் வேறு. 'அவர் வந்தால் கதவைத் தட்டுவார். ஜன்னல் எதற்கு?' எந்தப் பெண்சாதி இப்படிச் சொல்லுவா? நெஞ்சில் ஈரம் இல்லாத கதை. சும்மா இருந்து யோசித்து எழுதியது என்று பார்த்தவுடனேயே தெரிகிறது.

வெள்ளிக்கிழமைகளில் அல்கோர் மீன்பிடித் துறைக்குப் போய்வருகிறேன். வாப்பாவின் படத்தை இந்தியாக்காரர், பங்களாதேஷ்காரர் எல்லோருக்கும் காட்டுகிறேன். போன கிழமை ஒருவர், சோமாலியாப் பக்கம் இலங்கைப் போட்காரர்கள் சிலர் பிடிபட்டுக் கிடப்பதாகக் கேள்விப்பட்டாராம். விசாரிக்கிறேன். உம்மாவிடம் சொல்லுங்கள்.

துஆவுடன்,
நஸீம்


சாய்ந்தமருது
18.04.2025

அன்புத் தம்பிக்கு,

உன்மீது அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும். உம்மா நடக்கிறா, பள்ளிச் சந்தி வரை.

சாப்பாட்டு அடுக்கு விசயத்தில் நீ சொல்வது நியாயம். அதை எழுதிய வருடம் எனக்கும் நம்பிக்கை இருந்தது. பிறகு இல்லாமல் போனது. கதையில் அந்தத் தையல் தெரிகிறது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த வசனம் நான் யோசித்து எழுதியது இல்லை. அது உம்மா சொன்னது.

முதல் பாகம் வெளிவந்த வருடம், மாரி தொடங்கி ஒரே காற்றும் மழையும். கடல் பக்க ஜன்னலை வாப்பா போன நாளிலிருந்து உம்மா சாத்தவிட்டதில்லை, உனக்குத் தெரியும். பாயெல்லாம் நனைந்து ஊறிக் கிடந்தது. நான் பாயைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறேன், உம்மா போய் ஜன்னலைச் சாத்திக் கொண்டியைப் போட்டா. என் முகத்தைப் பார்த்துச் சொன்னா: "அவரு வந்தா கதவத் தட்டுவாரு புள்ள. ஜன்னல் என்னத்துக்கு?" அன்றிலிருந்து அது திறக்கவில்லை. நீ நாலு வருடமாக ஊருக்கு வராததால் உனக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் முதல் கடிதமே எழுதத் தொடங்கினேன், கோபத்தில் விட்டுவிட்டேன். வாப்பாவோடு அதே போட்டில் போன பாண்டிருப்புச் சுதனுக்கு, போன மாசியில் படத்தை வைத்து, கடற்கரையில் செய்ய வேண்டிய ஈமக் கிரியையெல்லாம் அவனுடைய தாய் பூமணி அக்கா செய்து முடித்தா. உம்மா போய்ப் பக்கத்தில் இருந்தா. பூமணி அக்கா உம்மாவின் கையைப் பிடித்து, "நான் என்ர பிள்ளைய வழியனுப்பிப் போட்டன். நீங்க இன்னும் பிடிச்சு வச்சிருக்கிறீங்க" என்று சொன்னாவாம்.

அதற்குப் பிறகு உம்மா மௌலவியிடம் ஆள் விட்டுக் கேட்டா. காதியாரிடம் போனால் விசாரித்து, வாப்பா இறந்துவிட்டார், மௌத்து என்று தீர்ப்புத் தருவாராம். உடல் இல்லாவிட்டாலும் பள்ளியில் காயிப் ஜனாஸா தொழுவிக்கலாம். உம்மா நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கலாம். மகனின் சம்மதம் வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. ஆனால் உம்மா பிடிவாதமாக நிற்கிறா. "அவன் ஓம் எண்டு சொல்லாம நான் இத்தா இருக்க மாட்டன். அவன்ட வாயால வரட்டும்" என்கிறா. உன்னிடம் நேரில் கேட்கவும் மாட்டாவாம்.

அதனால் நான் கேட்கிறேன். யோசித்துச் சொல்.

ஸுஹைறா


தோஹா
30.05.2025

ராத்தாவுக்கு,

ஸலாம். பதில் பிந்திவிட்டது. கடையில் ஆள் குறைவு, இரண்டு ஷிப்ட் பார்த்தேன். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு உம்மாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

கேமை இன்னொரு தரம் முழுதாக விளையாடினேன். ஜன்னல் சாத்திய பிறகு விளக்கு இல்லாமல், காற்றை மட்டும் பார்த்துப் படகு ஓட்டும் பகுதி நன்றாகவே வந்திருக்கிறது. முதலில் நான் அவசரப்பட்டுவிட்டேன். அதை அடுத்த வீடியோவில் சொல்வேன். ஆனால் திசை காட்டும் கொடி மிகச் சின்னது, போனில் விளையாடுகிறவர்களுக்குத் தெரியாது. இசையும் சில இடங்களில் கூடிப்போய்விட்டது.

ஒரு நல்ல செய்தி. ரசிகர்கள் எல்லோரும் சேர்ந்து கம்பனிக்கு விண்ணப்பம் போட்டோம். வாப்பா திரும்பி வருகிற மாதிரி இன்னொரு முடிவும் வேண்டும், விரும்பியவர்கள் அதை எடுத்துக்கொள்ளட்டும் என்று. கம்பனி சம்மதிக்கும் போலத் தெரிகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நஸீம்


சாய்ந்தமருது
02.06.2025

நஸீமுக்கு,

ஸலாம். உம்மாவுக்குப் பெருநாளைக்கு ஒன்றும் வேண்டாமாம். என்ன வேண்டும் என்று ஆறு கிழமைக்கு முதலே உனக்கு எழுதிவிட்டேன்.

கொடி சின்னது, இசை கூட. இதற்கா இவ்வளவு நாள்? இத்தா என்ற சொல்லே உன் கடிதத்தில் இல்லை. வாசிக்காதவன் மாதிரி நடிக்கிறாய். ஒவ்வொரு தரமும் நீ போன் எடுக்கும்போது உம்மா என் முகத்தைப் பார்க்கிறா. நீ கடை, சம்பளம், வெயில் என்று கதைத்துவிட்டு வைத்துவிடுகிறாய். உம்மா எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவுகிறா. இதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

கம்பனி முதலாளி சுஜிந்தன் நேற்றுப் பேசினார். உங்கள் விண்ணப்பம் வென்றுவிட்டது. "ஸுஹைறா, வாப்பாவக் கொண்டு வாங்கோ. சனம் கேட்குது" என்றார், கடையில் சாமான் கேட்கிற மாதிரி. எழுத வேண்டியவள் நான்தான், ஒப்பந்தம் அப்படி. உயிரோடு ஒருவரைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி எனக்கு வேலை தந்திருக்கிறார்கள். யாருடைய வாப்பாவை நினைத்து அதை எழுதுவேன் என்று உனக்குத் தெரியாதா?

இன்னொன்று. உன் வீடியோவின் கீழே ஒருவன் எழுதியிருக்கிறான்: "இதை எழுதியவளின் வீட்டில் ஒரு ஆள் காணாமல் போக வேண்டும், அப்போதுதான் புத்தி வரும்." அதற்கு நீ இதயம் போட்டிருக்கிறாய். எல்லாவற்றுக்கும் வாசிக்காமல் போடுவாய் என்று தெரியும். ஆனாலும் அதைப் பார்த்த அன்று நான் சோறு தின்னவில்லை.

ஸுஹைறா


தோஹா
09.06.2025

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் தொழுகை முடிந்து அறைக்கு வந்து படுத்துவிட்டேன். யாரோடும் போகவில்லை.

அந்தக் கமெண்டை அழித்துவிட்டேன். அவனையும் தடுத்துவிட்டேன். வாசிக்காமல்தான் போட்டேன், வல்லாஹி. என்னை மன்னித்துவிடுங்கள்.

மற்ற விசயத்துக்கு வருகிறேன். உம்மாவின் வாய்ச்சொல்லை எடுத்து நீங்கள் விற்றுவிட்டீர்கள் என்று எனக்கு முதலில் ஆத்திரம் வந்தது. இப்போது அது இல்லை. பயம்தான் இருக்கிறது. ராத்தா, உங்களிடம் எழுத்து இருக்கிறது. ஒருவரைச் சாகடிக்கலாம், ரசிகர்கள் கத்தினால் எழுப்பிக் கொண்டுவரலாம். எனக்கு ஒரே ஒரு வாய்தான். அதால் ஓம் என்று சொன்னால் வாப்பாவை மௌத்தாக்கியவன் நான்தான். நாளைக்கே அவர் வந்து நின்று, "எனக்கு ஜனாஸா தொழுகச் சொன்னது யாரு?" என்று கேட்டால் நான் என்ன முகத்தோடு நிற்பேன்? உங்கள் கேமில் பொத்தானை அழுத்த மாட்டேன் என்று அடம் பிடித்தவர்களில் முதல் ஆள் நான்தான். ஏன் என்று உங்களுக்கு விளங்காமல் இருக்காது.

சுஜிந்தன் கேட்டதை எழுதுங்கள். வாப்பாவைக் கொண்டு வாருங்கள். எனக்கு அதை ஒரு தரம் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு நான் ஒரு பதில் சொல்கிறேன். இது ஏமாற்று இல்லை.

உம்மாவுக்கு என் சலாம்.

நஸீம்


சாய்ந்தமருது
03.08.2025

தம்பிக்கு,

சாந்தியும் சமாதானமும். உம்மா சுகம். எனக்குத் தடிமனும் இருமலும், மாறிவிட்டது.

எழுதி முடித்துவிட்டேன். படம், குரல் எல்லாம் போட்டுவிட்டார்கள். ரசிகர்களுக்கு அடுத்த மாதம்தான் வரும். உனக்கு மட்டும் கோப்பை இதோடு அனுப்புகிறேன். யாருக்கும் காட்டாதே, வீடியோ எடுக்காதே. வேறு ஒன்றும் எழுத எனக்கு இப்போது வரவில்லை.

ஸுஹைறா


தோஹா
08.08.2025

என் அன்பு ராத்தாவுக்கு,

உங்கள் மேலும் உம்மாவின் மேலும் அல்லாஹ்வின் ரஹ்மத் இறங்கட்டும்.

இன்று வெள்ளி. அல்கோருக்குப் போகவில்லை. ஜும்ஆ முடிந்து வந்து கேமைத் திறந்தேன். ஜன்னல் திறந்து கிடக்கிறது. விளக்கு எரிகிறது. நூறா முற்றத்துக்கு வந்தால் வாப்பா அங்கே கதிரையில் இருக்கிறார். சாரத்தை மடித்துக் கட்டியிருக்கிறார். முகம் வேறு யாருடையதோ, ஆனால் இருக்கிற விதம் அவருடையது. கிட்டப் போய்ப் பேசும் பொத்தானை அழுத்தினேன்.

"மழ வரப் போகுது மகள், வலைய மூடு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பவும் அழுத்தினேன். "சீனி கூடப் போட்டு ஒரு தேத்தண்ணி தாங்க" என்றார். பிறகு, "இந்தத் தரம் வந்து சைக்கிளுக்கு டயர் மாத்துவம்" என்றார். அதற்குப் பிறகு திரும்பவும் மழை, திரும்பவும் தேத்தண்ணி, திரும்பவும் டயர்.

நான் விடவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டுச் சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி கேட்டார். மீன் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பாட்டு அடுக்கைக் கொண்டுபோய் மடியில் வைத்தேன். நூறாவைப் படகில் அனுப்பித் திரும்பி வரவைத்தேன். நீ எவ்வளவு வளர்ந்துவிட்டாய் என்று அவர் சொல்லவில்லை. எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. நான் கத்தாரில் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்கவில்லை. கேமில் அது எப்படி வரும் என்று நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் நான் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

விமர்சனக்காரனாகச் சொன்னால் இது மோசமான வேலை. திரும்பி வந்த மனுசனுக்கு மூன்றே மூன்று வசனம். சோம்பேறித்தனம் என்று கிழித்திருப்பேன். அப்படித்தான் கோபமும் வந்தது. நாலாவது வசனம் நான் சொல்லித் தருகிறேன், எழுதுங்கள் என்று உங்களுக்கு அனுப்ப உட்கார்ந்தேன். ராத்தா, எவ்வளவு யோசித்தும் எனக்கும் அந்த மூன்றுதான் அவருடைய குரலோடு ஞாபகம் இருக்கிறது. மற்றதெல்லாம் நான் அவருக்குச் சொல்லிக் கொடுக்கிற பேச்சு. இந்த ஆறு வருடமாக நான் என்னோடுதான் கதைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நாளை அஸருக்குப் பிறகு போன் எடுப்பேன். போனை உம்மாவின் கையில் கொடுத்துவிட்டு நீங்களும் பக்கத்தில் இருங்கள். என் வாயாலேயே சொல்கிறேன்.

உங்கள் தம்பி,
நஸீம்


சாய்ந்தமருது
12.09.2025

என் தம்பி நஸீமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வறஹ்மதுல்லாஹ். அல்லாஹ் உனக்கும் எங்களுக்கும் பொறுமையைத் தரட்டும்.

நீ அன்றைக்குப் போனில் "ஓம் உம்மா" என்ற ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு அழுதாய். உம்மா "சரி மகன், சரி மகன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தா. அதற்குப் பிறகு ஒரு மாதமாக நாங்கள் மூவருமே அதைப் பற்றிக் கதைக்கவில்லை. காதியார் விசாரித்துத் தீர்ப்புத் தந்துவிட்டார். இன்று ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியில் வாப்பாவுக்குக் காயிப் ஜனாஸா தொழுதார்கள். ஜவுபர் என்று வாப்பாவின் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னது வீட்டுக்கே கேட்டது. நீயும் அங்கே தொழுதாய் என்று உன் செய்தியைப் பார்த்தேன். பூமணி அக்கா பாண்டிருப்பிலிருந்து வந்து, தொழுகை முடியும் வரை உம்மாவின் பக்கத்தில் இருந்துவிட்டுப் போனா.

கேமைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுஜிந்தன் வாப்பாவுக்குப் பத்து வசனம் கேட்டார். நான் மூன்றுக்கு மேல் தர மாட்டேன் என்றேன். வேறு ஒருவரைப் பிடித்து ஏழு எழுதிச் சேர்த்து, போன கிழமை வெளியிட்டுவிட்டார்கள். ரசிகர்களுக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது. உன் சேனலின் கீழேயும் புகழ்ந்து எழுதுகிறார்கள். அந்த ஏழில் வாப்பா, மகளே உன்னை நினைக்காத நாள் இல்லை என்கிறார். நம்முடைய வாப்பா அப்படியெல்லாம் கதைக்கிற ஆளா? நான் கேமை நிறுத்தி வைத்துவிட்டேன். உன்னிடம் யாராவது என்னைப் பற்றிக் கேட்டால் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம்.

இன்று காலை நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். இத்தாவுக்கு வெள்ளைப் புடவை வாங்கக் கல்முனைப் பஸாருக்குப் போகப் புறப்பட்டேன். "நில்லு புள்ள" என்று உம்மா அலுமாரியைத் திறந்தா. அடித்தட்டில் கடைப் பையோடு, மடிப்புக் கலையாமல் இரண்டு வெள்ளைப் புடவை. மாவடிப்பள்ளிச் சாச்சியோடு போய் வாங்கி வைத்ததாம், ஜன்னலைச் சாத்திய அந்த மாரியில். ஒரே வீட்டில் இருக்கிற எனக்கே தெரியாது.

"அப்ப இந்த மூணு வருசமும்? நீங்க வாப்பா வருவாரு எண்டு காத்திருக்கிறீங்க எண்டெல்லோ நான் நினச்சன்" என்று கேட்டேன்.

உம்மா புடவையை விரித்து, ஓரத்தில் பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னா: "அவரு மௌத்து எண்டு எனக்கு அப்பவே விளங்கிட்டு. நான் காத்திருந்தது என்ட மகனுக்குத்தான்."

தொழுகை முடிந்த பிறகு புடவையை மாற்றிக்கொண்டு அறைக்குள் போய்விட்டா. நான் கதவுக்கு வெளியே இருந்துதான் இதை எழுதுகிறேன். உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை தம்பி, உனக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது என்று எழுதுகிறேன்.

ஜனவரி வரை இத்தா. வெளி ஆண்கள் யாரும் உம்மாவைப் பார்க்க முடியாது. மகன் பார்க்கலாம். லீவு கேட்டுக்கொண்டு வா.

உன் வருகைக்கு துஆச் செய்யும்,
ராத்தா ஸுஹைறா